ஆற்றுப்படையும் இணையவழித் தொழிலும்

பத்துப்பாட்டு என்னும் தொகையில் அடங்கிய பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகளாம். அவற்றுள் திருமுருகாற்றுப்படை, முருகனருள் பெற விழைவோனை அப்பெருமான்பால் வழிப்படுத்துவது. ஏனைய நான்கும், பரிசில் தேடிப் புறப்பட்ட வறிய கலைஞரை, பரிசில் பெற்று மீளும் மற்றொரு கலைஞன் எதிர்ப்பட்டு, இன்ன வள்ளலிடஞ் செல்க என ஆற்றுப்படுத்தும் முறையில் அமைந்தவை. பொருநராற்றுப்படை கரிகாலனையும், சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனையும், பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனையும், மலைபடுகடாம் நன்னனையும் சுட்டுகின்றன. இந்நூல்களைப் பாடமாகக் கற்போர் இவற்றின் இயற்கை வருணனையையும் உவமை நயத்தையும் போற்றுவர். ஆயின், இவை ஒரு தொழிற் சிக்கலைக் களனாகக் கொண்டு எழுந்தவை என்பதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கையிற் கலையுண்டு; அதனை மதித்துப் பொருள் தருவார் எங்குளர் என்பது தெரியவில்லை; தெரிந்தவன் ஒருவன் எதிரே வருகின்றான். ஆற்றுப்படையின் கரு இதுவே.

இதே சிக்கல் இன்று கொழும்பில் புதிய வடிவில் தோன்றியுள்ளது. காலி வீதியின் இருமருங்கும் எழுந்துள்ள வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அடுத்த ஒடுங்கிய தெருக்களிலும், நள்ளிரவு வரை விளக்கணையாத அறைகள் பல உள. அங்கே மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞனோ யுவதியோ இலண்டனிலுள்ள ஒரு கடைக்காரரின் கணக்கேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். மெல்பேணில் ஒரு மருத்துவ நிலையத்துக்கான இணையத்தளத்தை வரைந்துகொண்டிருக்கலாம். ரொறன்ரோவில் வெளியிடப்படவுள்ள ஓர் அறிவித்தலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கலாம். எந்த ஒரு நிறுவனத்திலும் நிரந்தர ஊழியராய்ச் சேராது, வேலைக்கு வேலை ஊதியம் பேசி, இணையத்தின் வாயிலாக உழைப்பை விற்கும் இவர்களைப் பிரீலான்சர் என்று வழங்குவர். சுயாதீனத் தொழிலாளர் என்பது பொருத்தமான தமிழ்ப் பெயராகும். இவர்க்கு வேலை செய்யுந் திறனைக் கற்பிக்க வகுப்புகள் பல உள. வேலை தருவோருள் நல்லாரைக் கண்டறியுந் திறனைக் கற்பிப்பார் அரியர். இத்தொழிலிற் புகுந்தோர் சோர்ந்து விலகுவதற்குப் பெரும்பாலும் காரணமாய் அமைவது இவ்விரண்டாவது திறனின்மையே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பலருடைய கண்களை இத்தொழிலின்பாற் றிருப்பியது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபா அளவினை எட்டியது. 100 டொலர் உழைத்தவர்க்கு 20,000 ரூபா கிடைத்த இடத்தில் 36,000 ரூபா கிடைத்தது. அரசாங்க உத்தியோகத்தையே பெரிதென மதித்துவந்த குடும்பங்களிலும் டொலரிற் பெறும் ஊதியம் பேச்சுக்குரிய பொருளாயிற்று. ஆனால் அதே மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. குறித்த நேரத்தில் வேலையை ஒப்படைக்க இயலாத நிலையில், நெடுநாட் பழகிய வாடிக்கையாளர் செய்தியறிந்து பொறுப்பர். நேற்று வந்தவர் பொறுத்தற்குக் காரணமில்லை. வாடிக்கையாளருட் பழையவர் எத்தனை பேர் என்பதே ஒரு தொழிலாளியின் உண்மையான முதல் என்பதனை அந்நாள்கள் தெளிவாகக் காட்டின.

இத்தொழிலுக்குச் சந்தையாய் அமைந்தவை சில பெரிய இணையத்தளங்கள். ஈலான்ஸ் 1999இலும் ஓடெஸ்க் 2003இலும் தோன்றி, பின்னர் ஒன்றிணைந்து, 2015இல் அப்வேர்க் என்னும் பெயரைப் பெற்றன. 2010இல் தோன்றிய பைவர், ஒரு வேலைக்கு ஐந்து டொலர் என்னும் விலையோடு தொடங்கி அவ்வெண்ணையே தன் பெயரிலும் தாங்கியது. பைவர் தொழிலாளியின் வருவாயில் நூற்றுக்கு 20 பங்கினைத் தரகாகக் கொள்ளும். அப்வேர்க் 2023இல் நூற்றுக்கு 10 என ஒரே வீதத்தை விதித்து, 2025 மே மாதத்திலிருந்து வேலைக்கேற்ப நூற்றுக்கு 15 வரை மாறும் வீதத்தைக் கொண்டுள்ளது. அங்கே ஒரு வேலைக்கு விண்ணப்பிப்பதற்கும் சிறு கட்டணமுண்டு. ஆகவே, கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பித்தல் காலத்தை மட்டுமன்றிக் காசையும் கரைக்கும்.

புதியவர் செய்யும் முதற் பிழை விலையைத் தாழ்த்துதலாகும். மாதம் 200,000 ரூபா தேவையென ஒருவர் கொள்வாராயின், டொலர் ஒன்று 300 ரூபா என்னும் கணக்கில் அஃது ஏறக்குறைய 667 டொலராகும். தரகு நூற்றுக்கு 10 எனக் கொண்டால், உழைக்க வேண்டியது 741 டொலர். மாதத்தில் 160 மணித்தியாலம் மேசை முன் இருப்பவர்க்கும், கடிதம் எழுதல், திருத்தம் செய்தல், காத்திருத்தல் ஆகியன போக, ஊதியம் பெறும் நேரம் 100 மணித்தியாலத்தை மிஞ்சுதல் அரிது. எனவே மணித்தியாலத்துக்கு 7 டொலர் 41 சதத்திற்குக் குறைந்த எவ்விலையும் அவர்தம் நோக்கத்திற்குப் போதாது. போட்டிக்கு அஞ்சி 3 டொலர் கேட்பவர், அதே தொகையைப் பெற ஊதியமுள்ள 247 மணித்தியாலங்களைத் தேட வேண்டும். இவ்வெளிய கணக்கைப் போட்டுப் பாராமலே எத்தனையோ பேர் இரவைப் பகலாக்கியுள்ளனர். அன்றியும், விலை ஒன்றையே பார்த்து வருபவர், அதனினுங் குறைந்த விலையைக் கண்ட அன்றே பிரிந்து செல்வார். தாழ்ந்த விலை தாழ்ந்த வாடிக்கையாளரை ஈர்க்கும் தூண்டிலாய் முடிகின்றது.

இனி, நல்ல வாடிக்கையாளரை அறியுமாறு யாது? திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல், அரசன் வினைக்குரியாரை ஆராய்ந்து தேர்தலைப் பற்றியது. சுயாதீனத் தொழிலாளர் அவ்வதிகாரத்தைத் தலைகீழாகப் படித்தல் வேண்டும். வினை தருவோரை வினை செய்வோர் ஆராய்தல் ஈண்டுத் தேவைப்படுகின்றது. சந்தைத் தளங்களில் இதற்கான அடையாளங்கள் வெளிப்படையாகவே உள. பணஞ் செலுத்தும் வழி உறுதி செய்யப்பட்டுள்ளதா, இதற்குமுன் எத்தனை பேரை அமர்த்தினார், இதுவரை எவ்வளவு செலவிட்டார், அவரிடம் வேலை செய்தோர் எழுதிய கருத்து யாது என்பவற்றை அப்வேர்க்கில் விண்ணப்பிக்கு முன்னரே காணலாம். பத்து வேலைகளை விளம்பரப்படுத்தி ஒருவரையும் அமர்த்தாதவர் விலை விசாரிப்பவரேயன்றி வேலை தருபவர் அல்லர். பலரை அமர்த்தி, ஒவ்வொருவரையும் ஒரு கிழமையில் நீக்கியவரிடம் தாம் மட்டும் நிலைப்போம் என்று எண்ணுதல் பேதைமை.

எண்களிற் புலப்படாத அடையாளங்கள் இவற்றினுங் கூர்மையானவை. தமக்கு வேண்டியது யாதென இரண்டு வாக்கியங்களிற் கூற வல்லவர் பெரும்பாலும் நல்ல வாடிக்கையாளர். கேள்வி கேட்கும்போது எரிச்சலடைபவர் வேலை முடிந்தபின் திருத்தங்களை அடுக்குவர். முன்னர் அமர்த்திய அனைவரையும் பழித்துப் பேசுபவரின் அடுத்த பழிக்கு உரியவர் யார் என்பதனை ஊகித்தல் எளிது.

புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இளவெளிமான் தகுதியறியாது அளித்த சிறு பரிசிலை அப்புலவர் ஏற்றிலர். பின்னர்க் குமணனிடஞ் சென்று யானை பெற்று வந்து, அதனை இளவெளிமானின் காவன்மரத்திற் கட்டி, இரப்போரும் உளர், ஈவோரும் உளர் என்பதை அவனுக்குக் காட்டினார். இச்செய்தியைப் பலரும் அறிவர். அவரே அதியமான் நெடுமானஞ்சியிடம் நடந்துகொண்ட முறை அதனினும் நுண்ணியது. அதியமான் அவரைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். அளவிற் குறையில்லை, ஆயினும் தம் புலமையை அறியாது தரப்பட்ட பொருளைத் தாம் கொள்ளும் வணிகரல்லர் என்று அவர் மறுத்துவிட்டார். இன்றைய தொழிலாளி வணிகரேயாதலின் அவ்வளவு தூரம் போதல் இயலாதெனச் சிலர் கூறுவர். கூற்று நியாயமே. எனினும், ஒருவருடைய முன்னைய வேலையை ஒருமுறையேனும் பாராமல், பேரூதியம் தருவதாக முதற் கடிதத்திலேயே எழுதுபவர் எவரை வேண்டுமாயினும் அமர்த்தக் கூடியவர். எவரையும் அமர்த்தக் கூடியவர் எவரையும் கைவிடக் கூடியவர். பாராது தரும் பொருளைப் பற்றிய புலவரின் ஐயம் வணிகர்க்கும் பயன்படும்.

ஆற்றுப்படை நல்ல வள்ளலை மட்டும் காட்டி அமைவதன்று. மலைபடுகடாத்தில் வழிகாட்டுபவன், பன்றிக்கென அமைத்த பொறிகளையும், பாம்புறையும் பள்ளங்களையும், தினைப்புனங் காப்போர் யானைகளை நோக்கி எறியுங் கவண்கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து எச்சரிக்கின்றான். இணையவழித் தொழிலின் பொறிகளும் இவ்வாறு எடுத்துரைக்கத்தக்கவை. வேலை தருமுன் பதிவுக் கட்டணமோ வைப்புப் பணமோ கேட்பவர் வேலை தருபவரல்லர். பேசிய தொகைக்கு மேலாக அனுப்பிவிட்டதாகக் கூறி, மிகுதியைத் திருப்பியனுப்புமாறு வேண்டுபவரின் முதற் பணம் போலியென்பது பின்னரே தெரியவரும். தளத்தை விட்டு டெலிகிராமுக்கு வருமாறு முதல் நாளிலேயே வற்புறுத்துபவர், தளத்தின் பாதுகாப்பினின்றும் தொழிலாளியைப் பிரிக்க முயல்கின்றார். தொழிலாளியின் கணக்கை வாடகைக்குக் கேட்போரும் உளர். இசைந்தவர் கணக்கை மட்டுமன்றி அதனோடு சேர்ந்த நற்பெயரையும் இழப்பர். மாதிரி என்னும் பெயரில் முழு வேலையையும் இலவசமாய்ப் பெறுதல் இவற்றுள் மிகப் பழைய தந்திரம். ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துக் காட்டுக என்பது நியாயமான சோதனை. பத்துப் பேரிடம் பத்துப் பக்கங்களை வெவ்வேறாகக் கொடுத்தால் ஒரு நூல் முடிந்துவிடும்.

காணாத ஒருவரை நம்பிப் பொருளை ஒப்படைத்தல் கொழும்புக்குப் புதிதன்று. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள செட்டியார் தெருவில், நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கடல் கடந்த ஊர்களுக்கு உண்டியல் எழுதியும் கடன் வழங்கியும் வந்த காலத்தில், அவ்வணிகம் முழுதும் பெயரின் மீதே நின்றது. ஒருவரின் பெயர் கெட்டாற் கதவுகள் பல ஒரே நாளில் அடைபடும். இணையச் சந்தையில் அப்பெயரின் இடத்தை ஓரளவு நிரப்புவது இடைவைப்பு முறை. தொகை பேசி முடித்த வேலைக்கு, வாடிக்கையாளர் பணத்தை முன்கூட்டியே தளத்தின் கையில் வைப்பர். வேலை ஒப்படைக்கப்பட்டபின் 14 நாள்களுள் அவர் மறுமொழி கூறாவிடின், அப்வேர்க்கில் அப்பணம் தானாகவே தொழிலாளியைச் சேரும். இடைவைப்பில் பணம் வந்ததைக் கண்ணாற் காணுமுன் ஒரு வரியேனும் எழுதத் தொடங்குதல் ஆகாது. பெரிய வேலையாயின், அதனைப் பல கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் வைக்கச் செய்தல் இருதிறத்தார்க்கும் நன்று.

இவையெல்லாம் தீயோரை விலக்கும் வழிகள். நல்லோரை வரவழைக்கும் வழி வேறு. எதையுஞ் செய்வேன் என்பவரை எவரும் தேடார். ஐக்கிய இராச்சியத்திற் சிறு உணவகம் நடத்துவோரின் கணக்கெழுதுவேன் என்று ஒருவர் தம் எல்லையைக் குறுக்கிக்கொள்வாராயின், அவரை நாடுவோர் தொகை குறையும், நாடியவர் நிலைப்பர். கணக்கீட்டுக் கல்வியில் கொழும்புத் தமிழ் மாணவர் நெடுங்காலமாக நாட்டம் உடையவர். அவர்க்கு ஏனைய நாடுகளின் வரிப் பஞ்சாங்கமே வழிகாட்டி. ஐக்கிய இராச்சியத்தில் வரியாண்டு ஏப்ரல் 5இல் முடியும். சுயதொழில் செய்வோர் இணையவழி வரி விபரம் ஒப்படைக்க இறுதிநாள் அடுத்த ஜனவரி 31. கனடாவிற் பெரும்பாலோர்க்கு ஏப்ரல் 30. அவுஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகின்றது. ஜனவரி மூன்றாங் கிழமையில் இலண்டன் கடைக்காரர்க்குக் கடிதம் எழுதுபவர் அவருடைய பதற்றத்தில் ஒரு பங்கைப் பெறலாம். ஒக்டோபரில் எழுதுபவர் அவருடைய கவனத்தைப் பெறுவர். 2026 ஏப்ரல் தொடக்கம், சுயதொழிலாலும் வீட்டு வாடகையாலும் ஆண்டில் 50,000 பவுணுக்கு மேல் மொத்த வருவாய் உடையோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வாயிலாகக் கணக்கனுப்ப வேண்டும் என அந்நாடு விதித்துள்ளது. ஆண்டுக்கொருமுறை தேவைப்பட்டவர் நான்கு முறை தேவைப்படுவர் என்பது கணக்கெழுதுவோர் கருதற்பாலது.

கடிதம் எழுதும் முறையிலும் பலர் தவறுகின்றனர். தம் பட்டங்களையும் உழைப்பையும் பணிவையும் ஒரு பக்கத்துக்கு விரித்தெழுதிய கடிதம் எவருக்கும் அனுப்பத்தக்கது. ஆகையால் எவரும் படியார். வேலை தருபவரின் விளம்பரத்தை ஊன்றிப் படித்து, அவருடைய இணையத்தளத்திலோ கணக்கேட்டிலோ உள்ள ஒரு குறையைச் சுட்டி, அதனை எவ்வாறு, எத்தனை நாளிற் சீர்செய்யலாம் என்று ஐந்து வரியில் எழுதுவது மறுமொழி பெறும். காலவேறுபாட்டையும் அதிற் குறித்தல் வேண்டும். கொழும்பு நேரம் இலண்டனுக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும், கோடையில் நாலரை மணித்தியாலமும் முந்தியது. மாலையில் அங்கிருந்து அனுப்பிய ஆவணம் மறுநாட் காலையில் அவர் கடை திறக்குமுன் முடிந்திருக்கும் என்பது கொழும்பிலிருப்பவர் தரக்கூடிய, இலண்டனிலிருப்பவர் எளிதில் தர இயலாத வசதியாகும்.

புலம்பெயர்ந்த உறவினரைப் பற்றியும் ஈண்டுச் சொல்ல வேண்டியுளது. வெள்ளவத்தைக் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றிற்கு இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உற்றார் உளர். அவர் வாயிலாக முதல் வேலை கிடைத்தல் இயல்பே. ஆயின், தம்பி, ஒரு சின்ன வேலை என்று மாமாவோ சித்தப்பாவோ தொடங்கும் வேலை, சின்னதாய் முடிவதுமில்லை. அதற்கு விலை பேசுவதற்கு நா எழுவதுமில்லை. மாமாவின் கோயிற் சபைக்கு இணையத்தளம், மாமாவின் நண்பர் கடைக்கு விளம்பரப் படம், நண்பரின் மகளுடைய திருமண அழைப்பு எனத் தொடர்வது உறவின் கடமையாகிவிடுகின்றது. உறவினர்க்கு இலவசமாகச் செய்வதாயின் முற்றும் இலவசமாகவும், ஒருமுறை மட்டுமேயாகவும் செய்தல் நன்று. அதற்குக் கைம்மாறாகப் பணத்தைவிடப் பயனுள்ள ஒன்றைக் கேட்கலாம். வேலையைப் பார்த்து மகிழ்ந்த அவர், தாமறிந்த கடைக்காரர் இருவரிடம் இவ்வேலையை இன்னார் செய்தார் என்று கூறுதலே அது. பாதி விலைக்குச் செய்த வேலை இருவரையும் மனங்கசக்க வைக்கும்.

பணம் வந்து சேரும் வழி பற்றி நீள உரைக்க வேண்டியதில்லை. பேபால் நெடுங்காலம் இலங்கையர்க்குப் பணம் செலுத்தும் வசதியை மட்டும் தந்து, பெறும் வசதியைத் தராதிருந்தமையால், பலரும் பேயோனியர் வழியாகவோ நேரடி வங்கி மாற்றாகவோ பெற்றுப் பழகினர். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டார்க்குச் சேவை செய்து வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வாயிலாகப் பெறும் வருமானத்துக்கும் வரியுண்டு. ஆண்டு வருமானத்தில் 1,800,000 ரூபா வரையும் விலக்கப்பட்டு, மிகுதிக்கு உயர்ந்தபட்ச வீதம் நூற்றுக்கு 15 என வகுக்கப்பட்டது. ஆகவே மேலே காட்டிய விலைக் கணக்கில் வரிக்கும் ஒரு பங்கு சேர்த்தல் வேண்டும்.

சந்தைத் தளத்தில் வாடிக்கையாளர் எழுதும் கருத்தும் நட்சத்திரக் குறிகளும் ஆற்றுப்படையின் எண்வடிவமே எனலாம். ஆயினும் அவ்வெண்கள் கூறாதன பல. பாணன் வள்ளலின் பெயரைக் கூறியதோடு அமையாது, தான் அங்குச் சென்றபோது எவ்வாறிருந்தான், எவ்வாறு வரவேற்கப்பட்டான், எவ்வுணவு உண்டான், எதைப் பெற்று மீண்டான் என்பவற்றையும் கூறினான். அவன் கூற்றை நம்பத்தக்கதாக்கியது அவ்விவரமே. தனக்குக் கிடைத்ததைப் பிறனொருவனுக்குக் காட்டுவதால் தன் பங்கு குறையும் என அவன் அஞ்சியதாக எந்த ஆற்றுப்படையும் கூறவில்லை.

கொழும்பில் இத்தொழில் செய்வோருட் சிலர் இம்முறையைத் தாமறியாமலே கைக்கொண்டுள்ளனர். ஜனவரியிற் கைக்கு மிஞ்சிய வேலை வரும்போது, அதனை அரைகுறையாகச் செய்து முடிப்பதினும், கொட்டாஞ்சேனையிலுள்ள பழைய வகுப்புத் தோழிக்கு ஒரு வாடிக்கையாளரை அறிமுகஞ் செய்துவிடுதல் மேல். அவ்வறிமுகம் ஒரு மின்னஞ்சல் முகவரியளவில் நிற்றலாகாது. இவர் பவுணிற் செலுத்துவார். மாத முதற் கிழமையிற் செலுத்துவார். ஒருமுறை மட்டும் பத்து நாள் தாமதமாயிற்று. கடிதத்தைவிட வாட்சப்பிற் குரற்பதிவையே விரும்புவார். பற்றுச்சீட்டுகளைப் பையோடு படமெடுத்து அனுப்புவார், அதற்குக் கோபிக்கலாகாது. சென்ற ஆண்டின் இறுதி இருப்பில் ஒரு பிழை இன்னுந் தீராதுள்ளது, அதனை முதலிற் பார்க்க. இத்தனையும் எழுதி, அதன் ஒரு படியை வாடிக்கையாளருக்கும் காட்டி, அவர் இசைவு பெற்ற பின்னரே கணக்கேட்டின் திறவுச்சொல்லைக் கைமாற்றுதல் முறையாகும்.